ஆள் போனால் கைப்பக்குவமும் போய்விடுகிறதா? புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு உயிரியல் காட்டும் ஒரு வழி

கம்பெனியில் யாருக்கு என்ன தெரியும் என்பதையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வை, நாளைக்கு ஆள் மாறினாலும் வேலை நிற்கக் கூடாது என்று சொல்லி இந்தப் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருப்பார்கள். நீங்கள் மனிதவளத் துறையில் இருக்கலாம், தரக் கட்டுப்பாட்டில் இருக்கலாம், கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகக்கூட உங்களைப் பிடித்திருக்கலாம். உடனே தோன்றுவது இரண்டு விஷயம். ஒரு மென்பொருள் வாங்கலாம், இல்லையென்றால் எல்லோரையும் உட்கார வைத்து, தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எட்டு மாதத்தில் நானூறுக்கும் மேல் கோப்புகள் சேர்ந்தன, அவற்றைத் திறந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறகு வேறு வழியில் போய்க் கொஞ்சம் பலன் கண்டேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கைப்பிடி மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோவைப் பக்கம் ஒரு பவுண்டரியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன், பம்புகளுக்கான வார்ப்புகள் செய்கிற இடம். உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு முன்னால் மணலில் அச்சு எடுக்க வேண்டும், அந்த மணலில் களிமண்ணும் தண்ணீரும் சரியான அளவில் இருந்தால்தான் அச்சு நிற்கும். மணல் கலக்கும் இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடிப்பார், விரலை விரித்து உருண்டையில் பதிந்த தடத்தைப் பார்ப்பார், இரண்டாக உடைத்து உடைந்த ஓரத்தைப் பார்ப்பார், மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டுப் புறங்கையைக் குவியலின் மேல் ஒரு நொடி வைத்து எடுப்பார். "இன்னும் கொஞ்சம் தண்ணி கேக்குது" என்பார். சோதனைக்கூடத்து அளவோ நேற்றைப் போலவே 3.5 சதவீதம் என்று காட்டும். "எப்படிங்கண்ணா தெரியுது?" என்று கேட்டால், "கையில தெரியுது தம்பி, அதை எப்படிச் சொல்றது" என்பார்.

அவர் ஓய்வு பெறும் சமயத்தில் கேட்டுக் கேட்டு ஒன்பது பக்கம் எழுதி வைத்தோம். ஈரம் எவ்வளவு, களிமண் எவ்வளவு, எத்தனை நிமிடம் கலக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது, அந்தப் புறங்கையைத் தவிர. அடுத்த கோடையில் மண் புகுந்த வார்ப்புகள் குவிய ஆரம்பித்தன. பல வாரம் தேடிய பிறகுதான் புரிந்தது: ஏற்கெனவே ஒரு தடவை இரும்பு ஊற்றி உடைத்த மணல் ஆறாமல் சூடாகவே கலவைக்குத் திரும்பி வருகிறது, அதில் விட்ட தண்ணீர் அச்சு எடுப்பதற்குள் ஆவியாகிவிடுகிறது, காய்ந்த மணல் உதிர்ந்து இரும்போடு போய்விடுகிறது. பெரியவர் புறங்கையால் சூட்டைப் பார்த்துத்தான் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் விட்டிருக்கிறார். தான் அதைப் பார்ப்பதே அவருக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். ஆனால் ஏடே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. எதை எழுதுவது, எதைக் கைவழியாகக் கொடுப்பது, எதை அழிப்பது என்று பிரித்துப் பார்க்க எனக்கு உதவியது உயிரியல்.

ஆஸ்திரியாவில் பிறந்த உயிரியலாளர் லூட்விக் வான் பெர்டலான்ஃபி, உயிருள்ளவை எல்லாம் திறந்த அமைப்புகள் என்றார். அகல் விளக்கின் சுடரைப் பாருங்கள். எண்ணெய் ஏறிக்கொண்டே இருக்கிறது, எரிந்துகொண்டே இருக்கிறது, சுடர் மட்டும் அதே வடிவில் நிற்கிறது. நம் உடம்பும் அப்படித்தான், ரத்தத்தில் ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்தான் இருக்கும், பழையது போய்ப் புதியது வந்துகொண்டே இருக்கிறது, ஆள் அதே ஆள். கம்பெனியிலும் ஆட்கள் வருவார்கள் போவார்கள். வேலை தெரிந்திருப்பது என்பது அங்கே சுடர் மாதிரி, தினமும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். கோப்புகள் எண்ணெய் மாதிரி. எண்ணெயை டின்னில் அடைத்து வைத்துவிட்டு விளக்கு எரிகிறது என்று நாம் சொல்வதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை: ஒரே ஒரு குழுவை எடுங்கள்

உயிரணுவுக்கு ஒரு சவ்வு உண்டு. எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்று அது பார்த்துப் பார்த்து விடுகிறது, அந்தச் சவ்வு இல்லை என்றால் உயிரணுவே இல்லை. நீங்களும் முதலில் ஓர் எல்லை போடுங்கள். மொத்தக் கம்பெனியையும் கையில் எடுத்தால் ஒன்றும் நடக்காது. ஒரே வேலையைச் செய்கிற, ஒரே மாதிரித் தொல்லைகளைச் சந்திக்கிற எட்டிலிருந்து இருபது பேர் கொண்ட ஒரு குழு போதும். மணல் கலக்குமிடமாக இருக்கலாம், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் குழுவாக இருக்கலாம், ஒரு மென்பொருளைப் பராமரிக்கும் குழுவாக இருக்கலாம்.

ஒரு தாளில் அந்தக் குழுவை வட்டமாக வரைந்து, வெளியிலிருந்து உள்ளே என்னென்ன செய்தி வருகிறது, யார் கொண்டுவருகிறார்கள் என்று எழுதுங்கள். அரை நாள் வேலை. எங்களுக்கு இதிலேயே ஒரு விஷயம் அகப்பட்டது. வார்ப்பில் குறை என்று வாடிக்கையாளர் சொல்கிற புகார் விற்பனைப் பிரிவுக்கு வருகிறது, அங்கிருந்து எங்களுக்கு வருகிறது, மணல் கலப்பவர் காதுக்கு மட்டும் போகவே இல்லை. அவர் கலந்த மணல் என்ன ஆனது என்பதே அவருக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் கலந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது: கேள்விகளின் பின்னால் போங்கள்

உங்களுக்கு என்ன தெரியும் என்று யாரிடமும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. "நேத்து எதுல மாட்டிக்கிட்டீங்க, யார்கிட்ட போய்க் கேட்டீங்க?" என்று கேளுங்கள். தினமும் பத்து நிமிடம், இரண்டு வாரம். ஒரு நோட்டில் நான்கு பத்தி: யார் கேட்டார், யாரிடம் கேட்டார், எதைப் பற்றி, பதில் கிடைத்ததா. நாற்பது ஐம்பது வரி சேர்ந்த பிறகு பெயர்களைப் புள்ளியாகப் போட்டுக் கேட்டவரிலிருந்து கேட்கப்பட்டவருக்குக் கோடு இழுங்கள்.

ரத்த ஓட்டத்தை முதல் தடவை படமாகப் பார்ப்பது போல இருக்கும். எல்லாக் கோடுகளும் இரண்டு மூன்று பெயர்களில் போய் முடியும், அந்தப் பெயர்கள் பெரும்பாலும் மேலாளர்களாக இருக்காது. எங்கள் இடத்தில் கிரேன் ஓட்டுபவர் ஒருவருக்கு ஏழு கோடுகள் போயின. மேலே உட்கார்ந்து மொத்தத் தளத்தையும் பார்க்கிறவர் அவர்தான், எந்த உலை எப்போது தயாராகும், எந்த அச்சு காத்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவரைப் பற்றி எங்கள் நிறுவன வரைபடத்தில் ஒரு பெட்டிகூட இல்லை. மென்பொருள் கம்பெனியில் இருக்கும் நண்பர்கள் சொல்வதும் இதே கதைதான், குழுவை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆனவருக்கு இன்னமும் போன் போய்க்கொண்டிருக்கும்.

விடை கிடைக்காத கேள்விகளைத் தனியாக வட்டமிடுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கைவிட்ட கேள்விகள் இவை. பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது: ஒரே ஆளிடம் மட்டும் இருப்பதைக் கண்டுபிடித்து, அவர் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள்

இதுதான் இருப்பதிலேயே கடினமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் டபிள்யூ76 என்ற அணு ஆயுதத்தில் ஃபாக்பேங்க் என்றொரு பொருள் இருக்கிறது. அது என்ன என்பது இன்றைக்கும் ரகசியம். டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜில் 1989 வரை அதைச் செய்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். 2000 வாக்கில் அந்த ஆயுதங்களைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது பார்த்தால், செய்முறை பற்றிய ஆவணங்கள் கொஞ்சம்தான் இருந்தன, செய்த ஆட்கள் அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தார்கள். பெரும் செலவு செய்து, வருடக்கணக்கில் முயன்று, ஆவணத்தில் இருந்தபடியே செய்தும் பொருள் சரியாக வரவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? பழைய காலத்து மூலப்பொருளில் ஒரு கலப்படம் இருந்திருக்கிறது, பொருள் சரியாக வரக் காரணமே அந்தக் கலப்படம்தான். புதிய முறையில் மூலப்பொருளை இன்னும் நன்றாகச் சுத்தம் செய்ததால் அது போய்விட்டது. அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களுக்கே இந்த விஷயம் தெரியாது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பெரியவரின் புறங்கை ஞாபகத்துக்கு வந்து, அதன் பிறகு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

உயிரியலில் இதற்கு நேரான விஷயம் ஒன்று உண்டு. மரபணுவில் எல்லாம் எழுதியிருக்கிறது என்று நினைக்கிறோம், ஆனால் மரபணுவை மட்டும் ஒரு குப்பியில் போட்டு வைத்தால் அது சும்மா கிடக்கும். அதைப் படித்து வேலையாக மாற்ற ஓர் உயிரணு வேண்டும், அந்த உயிரணு இன்னோர் உயிரணுவிலிருந்துதான் வர முடியும். எழுத்தோடு சேர்ந்து, எழுத்தைப் படிக்கத் தெரிந்த உடம்பும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது.

ஜப்பானில் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒரு முறை அடுத்த மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690இல் தொடங்கிய வழக்கம், போர்க் காலத்தில் நூறாண்டுக்கும் மேல் தடைபட்டு, மறுபடியும் தொடர்ந்து, 2013இல் 62ஆவது முறையாகக் கட்டினார்கள், அடுத்தது 2033இல். இருபது வயதில் எடுபிடியாக வந்த தச்சர் நாற்பது வயதில் தானே முன்னின்று செய்யலாம், அறுபதில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கட்டடத்தைக் காப்பாற்றுவதோடு கட்டத் தெரிந்த கைகளையும் காப்பாற்றுகிறார்கள்.

சரி, உங்கள் இடத்தில் என்ன செய்யலாம்? நோட்டில் ஒரே பெயரில் முடிகிற விஷயங்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். அந்த ஆள் பக்கத்தில் கற்றுக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள், அந்த வேலையின் ஒரு முழுச் சுற்று முடியும்வரை. மணல் என்றால் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும், கணக்குப் பிரிவு என்றால் ஒரு மார்ச் மாதம், மென்பொருள் என்றால் ஒரு பெரிய வெளியீடும் ஒரு நள்ளிரவுக் கோளாறும். ஒரு வாரப் பயிற்சி வைத்துவிட்டு முடிந்தது என்று கையெழுத்து வாங்காதீர்கள்.

குறிப்பு எழுத வேண்டியவர் கற்றுக்கொள்பவர், கற்றுக்கொடுப்பவர் அல்ல. கற்றுக்கொடுப்பவருக்கு எது சொல்ல வேண்டிய விஷயம், எது சாதாரண விஷயம் என்று பிரித்துப் பார்க்க முடியாது, எல்லாமே அவருக்குச் சாதாரணம்தான். எப்படித் தெரிகிறது என்று கேட்பதும் பலிக்காது, நான் கேட்டுப் பார்த்தவன். "இப்ப எதைப் பாத்தீங்க?", "எது மாதிரி இருந்தா நிறுத்தியிருப்பீங்க?" என்று அந்த நொடியிலேயே கேட்க வேண்டும். கையை மட்டும் செல்போனில் வீடியோ எடுத்து, மாலையில் இருவரும் சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. அந்தப் புறங்கை வீடியோவில் இருந்திருந்தால் யாராவது ஒருவர், "அண்ணா, அங்க எதுக்குக் கை வெச்சீங்க?" என்று கேட்டிருப்பார்கள்.

அப்புறம் இடத்தை மாற்றுங்கள். கற்றுக்கொள்பவர் செய்யட்டும், தெரிந்தவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். எந்த இடத்தில் அவருக்குப் பொறுக்காமல் கை நீளுகிறதோ அந்த இடத்தில்தான் இதுவரை எழுதப்படாத விஷயம் இருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இது தொழிற்சாலைக்கு மட்டும் பொருந்துவது அல்ல. 1985இல் ஒசாகாவில் மட்சுஷிடா நிறுவனம் வீட்டில் ரொட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றது, மாவு சரியாகப் பிசைபடவே இல்லை. இகுகோ டனாகா என்ற மென்பொருள் உருவாக்குநர் அங்கே ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பிசையக் கற்றுக்கொண்டார். ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பது அப்படித்தான் பிடிபட்டது, அதற்கேற்ப இயந்திரத்துக்குள் விலா போன்ற மேடுகள் வைத்தார்கள். அறிவு மேலாண்மைத் துறையில் பெயர் பெற்ற இகுஜிரோ நொனாகா இந்தக் கதையைச் சொல்லித்தான், உடம்பில் இருக்கும் அறிவு எப்படிச் சொல்லாக மாறுகிறது என்று விளக்கினார்.

நான்காவது: வேலை நடக்கும் இடத்திலேயே தடம் விடுங்கள்

கறையான் புற்றைக் கட்ட மேஸ்திரி கிடையாது. ஒரு கறையான் வைத்த மண் உருண்டையே அடுத்த கறையானை அங்கே இன்னோர் உருண்டை வைக்கத் தூண்டுகிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் பியர் பால் கிராசே 1959இல் இதற்கு ஸ்டிக்மர்ஜி என்று பெயர் வைத்தார். செய்த வேலையே அடுத்தவருக்குச் செய்தி என்று புரிந்துகொள்ளலாம்.

இதைக் கம்பெனியில் நன்றாகப் பார்க்கக் கிடைத்தது ஜெராக்ஸ் நிறுவனத்தில். மானிடவியலாளர் ஜூலியன் ஓர் 1980களில் அங்கே நகல் இயந்திரம் பழுது பார்க்கிறவர்களோடு சுற்றினார். கையேட்டில் எல்லாப் பழுதுக்கும் வழி போட்டிருந்தது, ஆனால் நிஜப் பழுதுகள் கையேட்டில் இருந்த வரிசையில் வரவில்லை. அவர்கள் சாப்பிடும்போதும் காபி குடிக்கும்போதும், அன்றைக்கு அந்த மெஷின் என்ன பண்ணுச்சு தெரியுமா என்று ஒருவருக்கொருவர் கதை சொல்லித்தான் கற்றுக்கொண்டார்கள். பிறகு 1990களில் யுரேகா என்ற ஏற்பாடு வந்தது. பழுது பார்ப்பவரே தான் கண்டுபிடித்ததைச் சிறு குறிப்பாக எழுதுவார், அனுபவமுள்ள சகாக்கள் சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும்.

அந்தப் பெயர் மிக முக்கியம். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடியேறியது போல, எழுதியவர் ஒருவர், மேலிடத்தில் பாராட்டு வாங்குகிறவர் இன்னொருவர் என்று ஒரு தடவை நடந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அந்தக் குழுவில் ஒருவரும் எழுத மாட்டார்கள். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த அமைதியைக் கலைக்க ஒரு வருடம் ஆனது.

நீங்கள் செய்ய வேண்டியது சின்னதுதான். குறிப்பு எங்கே தேவைப்படுமோ அங்கேயே அது இருக்க வேண்டும். இயந்திரத்தின் மேல் ஒட்டிய அட்டை, நிரலுக்குள்ளேயே எழுதிய விளக்கம், படிவத்தின் ஓரத்தில் இரண்டு வரி. அதை எழுதத் தனியாக ஓர் இடத்துக்குப் போய், கடவுச்சொல் போட்டு, எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஆங்கிலேய மனநல மருத்துவர் ராஸ் ஆஷ்பி 1956இல் ஒரு விதியைச் சொன்னார்: வெளியிலிருந்து எத்தனை விதமான தொல்லை வருகிறதோ அதற்கு ஈடான வகைகள் கட்டுப்படுத்துகிறவரிடமும் இருக்க வேண்டும். இருநூறு பேர் சந்திக்கும் தொல்லைகளின் வகைக்கு, இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் ஓர் அறை எந்தக் காலத்திலும் ஈடாகாது. தளத்தில் இருப்பவர்கள் எழுதட்டும். நீங்கள் காகிதம் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: ஒவ்வொரு கோளாறுக்குப் பிறகும் ஒரு நினைவணு

ஒரு கிருமி உடம்புக்குள் முதல் தடவை வரும்போது அதற்கேற்ற எதிர்ப்பொருள் போதுமான அளவு உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதே கிருமி மறுபடி வந்தால் மிக வேகமாக வந்துவிடும், முதல் போரில் ஈடுபட்ட அணுக்களில் சில நினைவணுக்களாக மிஞ்சியிருப்பதுதான் காரணம். நினைவணு மொத்தப் போரின் வரலாற்றையும் சுமப்பதில்லை. இந்த மேற்பரப்பைப் பார்த்தால் இதைச் செய் என்பது மட்டும்தான் அதனிடம் இருக்கிறது.

கோளாறு அறிக்கைகள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராக எழுதப்படுகின்றன. என்ன நடந்தது, யார் பொறுப்பு, இனிமேல் நடக்காமலிருக்க என்ன நடவடிக்கை என்று ஆறு பக்கம். அடுத்த தடவை அதே கோளாறு வரும்போது அதிகாலை ஷிப்டில் இருக்கிறவர் கண்ணுக்குத் தெரிவது அறிகுறி மட்டும்தான், அறிக்கையோ காரணத்தின் பெயரில் கோப்பிடப்பட்டிருக்கும். காரணம் தெரிந்தால் அவர் ஏன் தேடப் போகிறார்?

அதனால் அறிகுறியை முதலில் எழுதுங்கள். எங்கள் அட்டை ஒன்று இப்படி இருந்தது:

"மதிய ஷிப்ட், வெயில் காலம். வார்ப்பின் மேல்பக்கம் மண் பொருக்குகள். அச்சின் ஓரம் தொட்டால் உதிர்கிறது. முதலில் திரும்பி வரும் மணலின் சூட்டைப் பார். கை வைக்க முடியவில்லை என்றால் தண்ணீரைக் கூட்டாதே, மணலை ஆற விடு. ஆற நேரமில்லை என்றால் புது மணல் சேர்."

அவ்வளவுதான், கீழே எழுதியவர் பெயரும் தேதியும். ஆறு வரிக்கு மேல் போனால் அதை இரண்டு அட்டையாக்குங்கள். இரண்டாவது படியில் வட்டமிட்டு வைத்தீர்களே, விடை கிடைக்காத கேள்விகள், அவைதான் முதல் அட்டைகளுக்கான தலைப்பு.

ஓர் எச்சரிக்கை. நோய் எதிர்ப்பு தன் உடம்பையே தாக்குவதும் உண்டு. கோளாறை எழுதியவரையே கூப்பிட்டு, ஏன் நடந்தது என்று விசாரித்தால் அதுவும் அந்த வகை நோய்தான். அட்டை எழுதியதற்காக யாரும் திட்டு வாங்க மாட்டார்கள் என்று முதலாளியிடம் முன்கூட்டியே வாய்வார்த்தையாகவாவது உறுதி வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் இந்தப் படியைத் தள்ளிப்போடுவது நல்லது.

ஆறாவது: அழிக்கப் பழகுங்கள்

கருவில் குழந்தையின் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கும். விரல்களுக்கு இடையில் இருக்கும் உயிரணுக்கள் தாமாகவே செத்து மடிந்த பிறகுதான் ஐந்து விரல் பிரிகிறது. அணு ஒழுங்காக மடிவதற்கு 1972இல் அபோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மடிய வேண்டிய அணு மடியாமல் பெருகினால் அது புற்றுநோயாகிறது.

பழைய குறிப்பை வைத்திருப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். பிரஸ்ஸல்ஸில் ழான் லூயி டெனுபூரும் அவரது சகாக்களும் 1980களின் இறுதியில் செய்த ஒரு சோதனையைச் சொல்லுங்கள். அர்ஜென்டின எறும்புகளுக்குக் கூட்டிலிருந்து உணவுக்குப் போக ஒரு நீளப் பாலமும் ஒரு குட்டைப் பாலமும் வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் எறும்புகள் சீக்கிரமே குட்டைப் பாலத்துக்கு வந்துவிட்டன, அதில் போய் வருவது வேகம் என்பதால் வாசனைத் தடம் அங்கேதான் முதலில் கெட்டிப்பட்டது. ஆனால் நீளப் பாலத்தை மட்டும் முதலில் வைத்து, அரை மணி நேரம் கழித்துக் குட்டைப் பாலத்தைச் சேர்த்தபோது பெரும்பாலும் நீள வழியிலேயே போய்க்கொண்டிருந்தன. பழைய தடம் அவ்வளவு அழுத்தமாக இருந்தது, புது வழி கண்ணெதிரே இருந்தும் பயன்படவில்லை.

எழுத்தில் உள்ள தடம் வாசனை மாதிரித் தானாக ஆவியாவதில்லை. அதனால் ஆவியாக நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒவ்வொரு அட்டைக்கும் 120 நாள் ஆயுள் வையுங்கள், சிவப்பணுவிடம் கடன் வாங்கிய கணக்கு, நினைவில் வைக்கவும் எளிது. நாள் முடிந்ததும் எழுதியவரோ அதைப் பயன்படுத்தியவரோ பார்த்து, இன்னும் சரிதான் என்று புதுத் தேதி போட வேண்டும். யாரும் தேதி போடவில்லை என்றால் எடுத்துத் தனிப் பெட்டியில் போடுங்கள், ஒரு வருடம் யாரும் கேட்கவில்லை என்றால் கிழித்துவிடுங்கள். சட்டத்துக்காகவும் தணிக்கைக்காகவும் வைக்க வேண்டிய ஆவணங்கள் வேறு, அவற்றில் கை வைக்காதீர்கள்.

என்னுடைய நானூறு கோப்புகளை இப்படி வடிகட்டியபோது முப்பத்தொன்று மிஞ்சியது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

ஏழாவது: எதை எண்ணுவது

எத்தனை குறிப்பு எழுதினார்கள் என்று எண்ணாதீர்கள், எண்ண ஆரம்பித்த மறுநாளே உதவாத குறிப்புகள் பெருகும். இரண்டாவது படியில் செய்த கேள்விக் கணக்கை நான்கு மாதம் கழித்து அதே மாதிரி, அதே இரண்டு வாரம் எடுங்கள். ஒரே ஆளிடம் போன கோடுகள் பிரிந்து இரண்டு மூன்று பேரிடம் போகின்றனவா? விடை கிடைக்காத கேள்விகள் குறைந்தனவா? ஏற்கெனவே அட்டை உள்ள கோளாறு திரும்ப வந்தபோது சரியாக எவ்வளவு நேரம் ஆனது? இந்த மூன்றும் போதும். மொத்தக் கேள்விகள் கூடியிருந்தால் பயப்படாதீர்கள், முன்பு கேட்கக் கூச்சப்பட்டவர்கள் இப்போது கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

உயிரியலை எங்கே நிறுத்துவது

மனிதர்கள் எறும்புகள் அல்ல. எறும்புக்குச் சம்பள உயர்வு கிடையாது, தனக்கு மட்டும் தெரிந்திருந்தால்தான் வேலை நிலைக்கும் என்ற பயம் கிடையாது. சிலி நாட்டு உயிரியலாளர்கள் உம்பெர்ட்டோ மதுரானாவும் பிரான்சிஸ்கோ வரேலாவும் 1970களின் தொடக்கத்தில், உயிர் என்பது தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் அமைப்பு என்று சொன்னார்கள். மேலாண்மை ஆட்கள் அந்தக் கருத்தைக் கம்பெனிகளுக்கு எடுத்துப் போட்டபோது வரேலாவுக்கு அதில் உடன்பாடு இருக்கவில்லை. நானும் அப்படித்தான் பார்க்கிறேன். எந்த இடத்தை உற்றுப் பார்ப்பது என்று உயிரியல் காட்டும், பெரியவர் தன் கையில் இருப்பதை ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அந்தப் பதிலை நீங்கள்தான் தர வேண்டும்: சொல்லிக் கொடுக்கிற நேரத்துக்கும் சம்பளம் உண்டு, சொல்லிக் கொடுத்த பிறகும் உங்களுக்கு இங்கே இடம் உண்டு என்று வாயால் சொல்லாமல் செயலில் காட்ட வேண்டும். ஓய்வு பெறக் கடைசி மாதம் இருக்கும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றால், அவ்வளவு நாளாக என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அடுத்த குழுவுக்குப் போகும்போது

பிரிட்டனில் வீட்டு வாசலில் பால் பாட்டில் வைத்துவிட்டுப் போகும் காலத்தில், பட்டாணிக் குருவி இனத்தைச் சேர்ந்த நீலக் குருவிகள் மூடியைக் கொத்தித் திறந்து மேலே மிதக்கும் ஆடையைக் குடிக்கக் கற்றுக்கொண்டன. 1921இல் முதலில் கவனிக்கப்பட்டது, அடுத்த சில பத்தாண்டுகளில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ராபின் பறவைகளிலும் ஒன்றிரண்டு திறக்கக் கற்றுக்கொண்டன, ஆனால் அந்த இனத்தில் அது பரவவில்லை. ஷெல் நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்த ஆரி டி கியுஸ் இதற்குச் சொல்லும் காரணம்: நீலக் குருவிகள் கூட்டமாகத் திரியும், கலைந்து வேறு கூட்டத்தோடு சேரும். ராபின் தன் எல்லைக்குள் இன்னொன்றை விடாது.

அதனால் முதல் குழுவில் கிடைத்த அட்டைகளை நகலெடுத்து அடுத்த குழுவிடம் கொடுக்காதீர்கள். ஆளை அனுப்புங்கள், குறைந்தது மூன்று வாரம். எங்கள் மணல் கலவையில் பெரியவருக்குப் பின்னால் கற்றுக்கொண்ட இளைஞரை, அதே முதலாளியின் இன்னொரு பவுண்டரிக்கு அனுப்பினோம். அங்கே மணல் வேறு ஊரிலிருந்து வருகிறது, உருண்டை வேறு மாதிரி உடைகிறது, முதல் வாரம் முழுக்க அவர் கை சொன்னது தப்பாகவே இருந்தது. அங்கே அவர் எழுதிய முதல் அட்டை இதுதான்: "எங்க ஊர் கைப்பிடிக் கணக்கு இந்த மணலுக்கு ஒத்து வராது. புறங்கைக் கணக்கு வருது." ஒரு வாரம் கழித்து அந்த ஊர் ஆள் ஒருவர், தன் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்திருந்தார்.